சிரிக்கச் சொன்ன இடத்தில நான் வாசிக்கிறதை நிப்பாட்டிட்டன்

எங்கட படக்கூட்டத்தில சப்டைட்டில் வாசிக்கிற ஆள் நான். படம் எந்தப் பாஷையில ஓடினாலும் கீழ இங்கிலீஷ்ல எழுத்து வரும், நான் ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு அதைத் தமிழில சொல்லிக்கொண்டே போவன். கத்திச் சொல்லுறேல்ல, குசுகுசுக்கிறதும் இல்லை, முன்னுக்கு இருக்கிற அம்மம்மாக்கும் கடைசி வாங்கில இருக்கிற பெடியளுக்கும் கேக்கிற அளவில ஒரு குரல். ரெண்டு வருசமா இதான் செய்யிறன், ஒரு படத்திலயும் நடுவில நிப்பாட்டினதில்லை. போன மாசம் நிப்பாட்டிட்டன். 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' எண்ட பிரேசில் படம். அதைப்பற்றி எழுதத்தான் வெளிக்கிட்டனான், ஆனா அண்டைக்கு இரவு நாங்கள் கதைச்ச கதை எல்லாம் அதுக்கு முதல் பாத்த படங்களுக்குள்ளால வந்த கதை, அதால அதுகளையும் சொல்லிட்டுத்தான் வரோணும்.

இடம் கிளிநொச்சியில உருத்திரபுரம் பக்கம் ஒரு ரியூசன் கொட்டில். பகலில ஓலெவல் பிள்ளையளுக்கு கணக்கும் விஞ்ஞானமும் நடக்கும், மாசத்தில ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்குப் பிறகு எங்களுக்கு. சுவரில வெள்ளை பெட்சீற் ஒண்டை நாலு மூலையும் இழுத்து ஆணி அடிச்சு விட்டிருக்கிறம். தகரக்கூரை, மழை வந்தா ஒண்டும் கேக்காது, அப்ப படத்தை நிப்பாட்டிப்போட்டு பிளேன்ரீ குடிக்கிறது. தொடங்கேக்க ஏழு பேர், இப்ப இருபத்தஞ்சு முப்பது பேர் வருவினம், நெல்லு வெட்டுக் காலத்தில பாதியாக் குறையும். வாறவையில ஆஸ்பத்திரியில கிளீனிங் வேலை செய்யிற அக்கா ஒராள், மோட்டச்சைக்கிள் கராச் வச்சிருக்கிற அண்ணை, பென்சன் எடுத்த சமூகக்கல்வி ரீச்சர், கம்பியூட்டர் படிக்கிற பெடியள் ரெண்டு பேர், புருஷன் வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் நாலஞ்சு பேர், பிறகு எங்கட ஒழுங்கையில இருக்கிற அம்மா. அவவை நாங்கள் எல்லாரும் அம்மா எண்டுதான் கூப்பிடுறது. அவவின்ர மகன் 2009 இல இல்லாமப் போனவர். இல்லாமப் போனவர் எண்டு நான் எழுதுறன், அவ அப்பிடிச் சொல்லமாட்டா, "குடுத்திட்டு வந்தனான்" எண்டுதான் சொல்லுவா, சண்டை முடியேக்க வட்டுவாகலில ஆமியிட்டக் கையால குடுத்தது.

வயசானவைக்கு இந்த மாதிரி சேந்திருந்து படம் பாக்கிறது புதுசில்லை. கரண்ட் இல்லாத காலத்தில ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரு இரவில மூண்டு படம் போட்டு, விடிய விடிய பாய் விரிச்சுப் பாத்த சனம். அதால ஒருத்தரும் படம் நீளம் எண்டு முறையிடமாட்டினம். மெதுவா ஓடுது எண்டும் சொல்லமாட்டினம். இந்த உலகப்படம், சுயாதீனப்படம் எண்டு சொல்லுற படங்களை சாதாரண சனத்துக்குப் போட்டா நித்திரையாயிடுவினம் எண்டு யாழ்ப்பாணத்தில படிச்ச ஒருத்தர் எனக்குச் சொன்னவர், அவர் எங்கட கொட்டிலுக்கு வந்து பாத்ததில்லை. இஞ்ச சனம் நித்திரை கொள்ளுறேல்ல. இஞ்ச சனம் சண்டை பிடிக்கும்.

முதல் பெரிய சண்டை 'பெர்பெக்ட் டேய்ஸ்' படத்துக்கு. விம் வெண்டர்ஸ் எண்ட ஜெர்மன்காரர் ஜப்பானில போய் எடுத்தது, 2023 இல வந்தது, அதில நடிச்ச கோஜி யாகுஷோவுக்கு கான் விழாவில சிறந்த நடிகர் விருது குடுத்தவை. ஹிராயாமா எண்டு ஒரு ஆள், டோக்கியோவில பப்ளிக் ரொயிலற் கழுவுறவர், காலமை எழும்பி மிசினில கோப்பி ரின் ஒண்டு எடுத்துக் குடிச்சு, வானுக்குள்ள பழைய கசற் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய், மத்தியானம் மரத்துக்குக் கீழ இருந்து இலைக்குள்ளால வாற வெளிச்சத்தைப் படம் எடுத்து, இரவு புத்தகம் வாசிச்சிட்டுப் படுப்பார், அடுத்தநாளும் அதேதான். எனக்கு அந்தப் படம் நல்லாப் பிடிக்கும், நான்தான் போடுவம் எண்டு கேட்டது. படம் முடிய எல்லாரும் நல்லா இருந்தது, மனம் ஆறுதலா இருந்தது எண்டு சொல்லிச்சினம். கிளீனிங் வேலை செய்யிற அக்கா மட்டும் ஒண்டும் கதைக்கேல்ல. நான்தான் கேட்டனான், அக்கா உங்களுக்கு எப்பிடி எண்டு.

"அந்தாள் கழுவ முந்தியே அந்தக் கக்கூஸ் கழுவின மாதிரித்தானே இருக்கு" எண்டவா. பிறகு சொன்னா, அவர் சின்னக் கண்ணாடியைக் கீழ பிடிச்சு விளிம்புக்குள்ள ஊத்தை இருக்கோ எண்டு பாக்கிற இடம் மட்டும் உண்மை, அதைச் செய்யிற ஆள் வேலை தெரிஞ்ச ஆள், ஆனா நாத்தம் எங்க, மற்றவன் போட்டுட்டுப் போனதை அள்ளுறது எங்க, வேலை முடிஞ்சு போய்ச் சாப்பிடேக்க கை மணக்கிறது எங்க எண்டு கேட்டா. கராச் அண்ணை உடன, அப்பிடிக் காட்டினா ஆர் பாப்பினம் எண்டவர். அதுக்கு அக்கா, "பாக்காட்டிப் போகட்டும், ஆனா அந்தாளுக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு எண்டு காட்டினா, எனக்கும் பிடிச்சிருக்கு எண்டு ஆக்கள் நினைப்பினம்" எண்டவா. நான் அந்தப் படத்தைப் பத்தி இணையத்தில கனக்க வாசிச்சனான், இப்பிடி வேலை செய்யிற ஆளின்ர வாயால வந்த கதை ஒண்டும் அதுகளுக்குள்ள இருக்கேல்ல. எனக்கு இப்பவும் அந்தப் படம் பிடிக்கும். கடைசியில அவர் வான் ஓட்டேக்க முகத்தை மட்டும் நெடுநேரம் காட்டுவினம், சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வரும், அதைப்போல ஒரு நடிப்பு நான் பாத்ததில்லை. ஆனா இனி ரொயிலற் வாற இடமெல்லாம் அக்காவின்ர கேள்வியோடதான் பாப்பன், அது எனக்குக் கிடைச்ச லாபம் எண்டுதான் நினைக்கிறன்.

'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' போட்ட அண்டைக்கு எனக்கு வேலை குறைவு, மலையாளம் எண்டதால பாதி எல்லாருக்கும் விளங்கிச்சு, ஹிந்தியும் மராத்தியும் வாற இடத்தில மட்டும் வாசிச்சன். பாயல் கபாடியா எடுத்தது, 2024 கான் விழாவில கிராண்ட் பிரீ எடுத்தது, 30 வருசத்துக்குப் பிறகு அங்க பிரதானப் போட்டிக்குப் போன இந்தியப் படம். மும்பையில நேர்ஸா வேலை செய்யிற பிரபா, கனி குஸ்ருதி நடிச்சவா, அவவின்ர புருஷன் கலியாணம் கட்டின கையோட ஜெர்மனிக்குப் போனவர், பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் ஜெர்மனியில இருந்து பார்சல் ஒண்டு வருது, கடிதம் இல்லை, ஆர் அனுப்பினது எண்டும் இல்லை, உள்ளுக்கு ஒரு சிவப்பு ரைஸ் குக்கர். இரவு எல்லாரும் படுத்தாப் பிறகு அவ அந்தக் குக்கரை எடுத்து ரெண்டு காலாலயும் அணைச்சுக்கொண்டு நிலத்தில இருப்பா. அந்த இடத்தில கொட்டிலுக்குள்ள ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை. வெளிநாட்டுப் பார்சல் எண்டா என்னெண்டு இஞ்ச ஆருக்கும் நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு பிள்ளை, கலியாணம் முடிச்சு ஆறு வருசம், அவர் பிரான்சில, விசாக் கார்ட் இன்னும் கிடைக்கேல்ல, அவள் சொன்னாள், "அவ குக்கரைக் கட்டிப்பிடிச்சது எனக்கு விளங்குது அக்கா, ஆனா அதில ஒருக்காவும் சோறு காச்சேல்ல, அதுதான் எனக்குப் பிடிச்சது" எண்டு. படத்தில உண்மையா ஒருக்காவும் காச்சேல்லையோ எண்டு நான் திருப்பிப் போட்டுப் பாக்கேல்ல. அவளுக்கு அப்பிடி ஞாபகம், அது காணும்.

'கொட்டுக்காளி' பற்றிக் கனக்கச் சொல்ல இல்லை. வினோத்ராஜ் எடுத்தது, அவரின்ர முதல் படம் 'கூழாங்கல்' 2021 இல ரொட்டர்டாம் விழாவில டைகர் விருது எடுத்தது. 'கொட்டுக்காளி'யில பின்னணி இசையே இல்லை, ஓட்டோச் சத்தமும் மோட்டச்சைக்கிள் சத்தமும் காத்தும்தான், அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறக்கமாட்டா. பெடியளுக்கு சூரி பகிடி விடாம இப்பிடி நடிச்சது அதிசயம். முடிவு இல்லாம முடிஞ்சது எண்டு பாதிப்பேருக்குக் கோவம். ரீச்சர் மட்டும் எழும்பி, அந்தப் பெட்டைக்குப் பேய் பிடிச்சிருக்கு எண்டு கொண்டுபோற அத்தினை பேரிலயும் ஆருக்குப் பேய் பிடிச்சிருக்கு எண்டு பாத்தாப் பிறகு இனி என்ன முடிவு வேணும் எண்டு கேட்டவா. அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

சின்னப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரலாம் எண்டு சொல்லிப் போட்டது 'ஃப்ளோ'. லத்வியா எண்ட நாட்டுப் படம், அந்த நாட்டில மொத்தச் சனம் 20 லட்சமும் இல்லை. கிண்ட்ஸ் சில்பலோடிஸ் எண்ட பெடியன், பிளெண்டர் எண்ட இலவச சொப்ட்வெயாரில செய்தது, 2025 இல சிறந்த அனிமேசன் படம் எண்டு ஒஸ்கார் எடுத்துப்போட்டுது. ஒரு கதைபேச்சும் இல்லை, அதால எனக்கு அண்டைக்கு லீவு, நானும் பாயில இருந்து பாத்தன். ஒரு கறுத்தப் பூனை, வெள்ளம் ஏறிக்கொண்டே வருது, ஒரு ஓடத்தில ஏறுது, அதுக்குள்ள வேற மிருகங்கள், நாய் ஒண்டு, கொக்கு மாதிரி பெரிய பறவை ஒண்டு. கம்பியூட்டர் படிக்கிற பெடியள் ரெண்டு பேரும் படம் முடிய அந்த இரவே பிளெண்டரை டவுன்லோட் பண்ணத் தொடங்கிட்டினம், கொட்டிலுக்க சிக்னல் இல்லாம றோட்டில போய் நிண்டுகொண்டு. ஆனா எனக்கு மறக்காதது ஒரு சின்னப் பெட்டை, எட்டு வயசு இருக்கும், தண்ணி வீட்டு வாசலுக்கு வாற இடத்தில தாயைப் பாத்து, "அம்மா, குளம் திறந்து விட்டவையோ" எண்டு கேட்டாள். 2018 மார்கழியில இரணைமடுக்குளத்தின்ர கதவெல்லாம் திறந்து ஊருக்குள்ள வெள்ளம் வந்தது, அவள் அப்ப கைக்குழந்தை, வீட்டில கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டு வளந்தவள். அவளுக்கு உலகத்தில வெள்ளம் எண்டா ஆரோ ஒருத்தர் கதவு திறந்து விட்டதுதான். லத்வியாவில படம் எடுத்தவர் இதை எங்க நினைச்சிருப்பார்.

பிறகு ஜாஃபர் பனாஹியின்ர 'இட் வாஸ் ஜஸ்ட் அன் அக்சிடென்ட்'. ஈரானில அனுமதி கேக்காம ஒளிச்சு எடுத்த படம், 2025 கான் விழாவில தங்கப்பனை விருது. பனாஹி 2022 இல பிடிபட்டு மாசக்கணக்கில உள்ளுக்கு இருந்திட்டு வந்த மனுசன். கதை இதுதான்: வஹிட் எண்டு ஒரு ஆள், முந்திச் சிறையில கண்ணைக் கட்டிப்போட்டு அடிவாங்கினவர், ஒருநாள் இரவு கராச்சுக்குள்ள ஒரு ஆள் நடந்து வாற சத்தம் கேக்குது, பொய்க்கால் கிறீச் எண்டு. அந்தச் சத்தத்தை வச்சு இவன்தான் எனக்கு அடிச்சவன் எண்டு நினைச்சு ஆளைப் பிடிச்சு வானுக்குள்ள போட்டுட்டார், பிறகு சந்தேகம், இவன்தானோ எண்டு. தன்னோட உள்ளுக்கு இருந்தவையைத் தேடித்தேடிப் போய்க் கேக்கிறார். ஒருத்தரும் முகத்தைக் கண்டதில்லை. ஒருத்தி மணத்தில பிடிக்கிறாள், ஒருத்தன் காலில இருக்கிற தழும்பைத் தடவிப் பாத்துச் சொல்லுறான்.

கராச் அண்ணைக்கு முழங்காலுக்குக் கீழ பொய்க்கால். படம் போட முதல் நான் அவரிட்டச் சொல்லேல்ல, எனக்கு அது யோசனையில வரேல்ல, படம் தொடங்கி அந்தச் சத்தம் கேட்ட உடனதான் நெஞ்சு திக்கெண்டுது. வாசிக்கிறன், ஆனா கண் அவரிலதான். முடிஞ்சாப் பிறகு அவர்தான் முதல் கதைச்சவர். "நான் வந்து ஏறுற சத்தம் கேட்டு உங்களில ஆராவது எப்பாவது திடுக்கிட்டனீங்களோ" எண்டு கேட்டார். இல்லை எண்டம். "இல்லைத்தானே. இஞ்ச ஒழுங்கைக்கு ஒருத்தர் இப்பிடி நடக்கிறம். உந்தச் சத்தம் கேட்டா அண்ணை வாறார், பிளேன்ரீ போடுங்கோ எண்டுதான் சொல்லுவியள். அங்க அதே சத்தம் அந்தச் சனத்துக்கு எமன்" எண்டார். கொஞ்சநேரம் பேசாம இருந்திட்டுச் சொன்னார், "அவனும் சிரியாச் சண்டையில காலை விட்டவனாமே, அந்த இடத்தில எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. அவனில கோவம் வருது, அவன்ர கால் எங்க அறுந்தது, எப்பிடி நொந்திருக்கும் எண்டும் தெரியுது." அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், அவனைப் புதைச்சிருக்கோணுமோ விட்டிருக்கோணுமோ எண்டு கதை. ரெண்டு பக்கமும் ஆக்கள் இருந்தவை. எந்தப் பக்கம் ஆர் எண்டு நான் இஞ்ச எழுதேல்ல, அது அந்தக் கொட்டிலுக்குள்ள சொன்னது.

இப்ப பிரேசில் படத்துக்கு வாறன். வால்டர் சாலெஸ் எடுத்தது, 2024 இல வந்தது, 2025 இல சிறந்த சர்வதேசப் படம் எண்டு ஒஸ்கார், பிரேசிலுக்கு அந்தப் பிரிவில முதல் தரம். உண்மைக் கதை, மகன் எழுதின புத்தகத்தில இருந்து. ரூபன்ஸ் பைவா எண்டவர் முந்தி எம்பியா இருந்தவர், இராணுவ ஆட்சிக்காலம், 1971 தையில ரியோவில கடற்கரைக்குப் பக்கத்து வீட்டுக்கு சிவில் உடுப்போட ஆக்கள் வந்து, விசாரிக்கோணும் எண்டு கூட்டிக்கொண்டு போயிட்டினம். அவர் சேட் மாத்தி, தானே கார் ஓட்டிக்கொண்டு போறார். அவ்வளவுதான். மனுசி யூனிஸ், அஞ்சு பிள்ளையள். அவவையும் ஒரு மகளையும் கூட்டிக்கொண்டு போய் அவவைப் பன்னிரண்டு நாள் வச்சிருந்திட்டு விட்டினம். புருஷன் வரவேயில்லை.

கூட்டிக்கொண்டு போக வந்தவை வீட்டுக்குள்ள இருக்கிற இடம் இருக்கு, ஜன்னல் சீலையெல்லாம் இழுத்து மூடிப்போட்டு. யூனிஸ் அவைக்குச் சாப்பாடு வேணுமோ எண்டு கேக்கிறா. கொட்டிலுக்குள்ள ஒரு பெடியன் "ஏன் உவங்களுக்குச் சாப்பாடு" எண்டான். பின்னால இருந்து ஒரு கிழவி, "வேற என்ன செய்யிறது மோனை, நாங்களும் தேத்தண்ணி குடுத்தனாங்கள்" எண்டா. பிறகு பாங்கில காசு எடுக்கப் போறா, புருஷன்ர கையெழுத்து இல்லாமக் குடுக்கேலாது எண்டு சொல்லுறாங்கள். அந்த இடத்தில ஒரே சத்தம், எல்லாருக்கும் ஒரு கதை, காணி உறுதி, பாங்குப் புத்தகம், சமுர்த்தி, பிள்ளையின்ர பள்ளிக்கூடப் போம். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தி வாசிச்சன்.

பிறகு அந்தப் படம் எடுக்கிற இடம். ஒரு சஞ்சிகையில இருந்து வந்திருக்கினம், தாயையும் பிள்ளையளையும் வீட்டுக்கு முன்னால நிப்பாட்டிப் படம் எடுக்கோணும். படம் எடுக்கிறவர் சொல்லுறார், சிரிக்காதேங்கோ, கவலையா நில்லுங்கோ, அதுதான் கேட்டிருக்கினம் எண்டு. யூனிஸ் பிள்ளையளைப் பாத்து, நாங்கள் சிரிப்பம், சிரியுங்கோ எண்டு சொல்லுறா. பிள்ளையளெல்லாம் சிரிக்குதுகள். அந்த ரெண்டு வரியையும் நான் வாசிக்கேல்ல. வாயைத் திறந்தன், சத்தம் வரேல்ல. எனக்கு முன்னால ரெண்டு பாய் தள்ளி அம்மா இருக்கிறா. 2017 மாசி 20 இல கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால, காணாமப் போன பிள்ளையள் எங்க எண்டு கேட்டுத் தாய்மார் போராட்டத்தில குந்தின நாளில இருந்து அவ போய் வாறா, மகன்ர படத்தை லமினேற் பண்ணி நெஞ்சோட வச்சுக்கொண்டு. அவவை எத்தினை கமரா எடுத்திருக்கும், எனக்கு எண்ணத் தெரியாது. ஒண்டிலயும் சிரிச்ச முகம் இல்லை. அந்த யோசனை வந்து அடைச்சுப்போட்டுது. நாலஞ்சு நிமிசம் படம் அப்பிடியே ஓடிச்சு, பிறகு ரீச்சர் தண்ணிப் போத்தலைத் தந்தா, திரும்ப வாசிச்சன்.

நான் விட்ட அந்த ரெண்டு வரியால வந்த வினை என்னெண்டா, பாதிச் சனம் கதையை மாறி விளங்கிட்டினம். படம் முடிஞ்சு லைற் போட்ட உடன அம்மாதான் எழும்பினா, நான் அவ அப்பிடிக் கோவப்பட்டுக் கண்டதில்லை. "உவன் ஆர் அதுகளைச் சிரிக்கச் சொல்ல? தேப்பனைக் காணேல்ல, அதுகளை நிப்பாட்டிச் சிரி எண்டு சொல்லுறான், கமராக்காரர் எல்லா நாட்டிலயும் ஒண்டுதான்" எண்டா. எனக்கு உடம்பெல்லாம் பதறிப்போச்சு. இல்லையம்மா, நான்தான் வாசிக்காம விட்டனான், அவர் சிரிக்கவேண்டாம் எண்டுதான் சொன்னவர், தாய்தான் பிள்ளையளைச் சிரிக்கச் சொன்னது எண்டு சொன்னன்.

"தாயோ?"

"ஓமம்மா, தாய்தான்."

அவ பேசாம இருந்தா. பிறகு "அதைத் திரும்ப ஒருக்காப் போடு பிள்ளை" எண்டா. லைற்றை நூத்துப்போட்டு அந்த இடத்தைத் திருப்பிப் போட்டம், இந்தமுறை வாசிச்சன். திரும்பப் போடு எண்டா. மூண்டு தரம் போட்டம். மூண்டாந்தரம் போடேக்க ஒருத்தரும் பெட்சீற்றைப் பாக்கேல்ல, எல்லாரும் அம்மாவைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவை.

அவ சொன்னதை அப்பிடியே எழுதுறன். "எங்களை வந்து எடுக்கிறவை, அம்மா படத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ எண்டு சொல்லுவினம். அழுறபோது கிட்ட வருவினம். நாங்களும் அழுதாத்தான் வெளியில போகும் எண்டு அழுறது, பொய்யா இல்லை, அழுகை எப்பவும் இருக்குத்தானே, கேட்டவுடன வரும். இவ என்னெண்டு சிரிச்சவா?" அதுக்கு கிளீனிங் அக்கா, அவ வசதியான வீட்டுப் பொம்பிளை, கடற்கரை வீடு, வேலைக்காரி, அவவுக்கு ஏலும் எண்டவா. ரீச்சர் அதை ஒத்துக்கொள்ளேல்ல, அவ பிறகு அந்த வீட்டையே விட்டுட்டு சாவோ பாவ்லோ போய், நாப்பத்தெட்டு வயசு மட்டில சட்டம் படிச்சு முடிச்சு, பழங்குடிச் சனத்துக்காக வழக்குப் பேசினவ, சிரிச்சது வசதியால இல்லை, தாங்கள் உடைஞ்சு போயிட்டம் எண்டு அவங்களுக்குக் காட்டக்கூடாது எண்டதாலதான் எண்டு நிண்டா. எனக்கு ரீச்சரின்ர பக்கம்தான். ஆனா அக்கா சொன்னதையும் தள்ளேலாது, யூனிஸுக்குப் போக ஒரு இடமாவது இருந்தது.

அதைவிட நீண்ட கதை சான்றிதழில வந்தது. 25 வருசம் கழிச்சு, 1996 இல, யூனிஸுக்கு அரசாங்கம் மரணச் சான்றிதழ் குடுக்குது. அவ அதைக் கையில வச்சுக்கொண்டு சந்தோசமா நிக்கிறா, பத்திரிகைக்காரருக்கு அதைத் தூக்கிக் காட்டுறா, இப்பிடி ஒரு கடதாசிக்கு ஆறுதல் படுறது விசித்திரம் எண்ட மாதிரிச் சொல்லுறா. எங்கட ஆக்களுக்கு மரணச் சான்றிதழ் எண்டா அது ஒரு பொறி. எடுத்தா வழக்கு முடிஞ்சுது, கதை முடிஞ்சுது எண்டுதான் பயம். இஞ்ச 2016 இல இருந்து மரணச் சான்றிதழுக்குப் பதிலா ஆள் காணேல்ல எண்டு ஒரு சான்றிதழ் குடுக்கச் சட்டம் இருக்கு, அதையும் எடுக்காத தாய்மார் கனபேர். அம்மா ரெண்டையும் எடுக்கேல்ல. ஒரு கந்தோரில, எடுத்தா காசு கிடைக்கும் அம்மா எண்டு சொன்னவையாம், எழும்பி வந்திட்டா. அப்ப யூனிஸ் எடுத்தது பிழையோ எண்டு பெடியன் ஒருத்தன் கேட்டான். அம்மா கனநேரம் யோசிச்சா. "பிழையில்லை. அவவுக்குத் தாங்கள் கொண்டுபோன ஆள்தான் எண்டு அரசாங்கம் ஒத்துக்கொண்டாப் பிறகுதான் குடுத்தது. எனக்கு ஆர் ஒத்துக்கொண்டது? செத்திட்டார் எண்டு எழுதுறதில்லை பிள்ளை, ஆர் செய்தது எண்டு எழுதோணும்" எண்டா.

அந்த வித்தியாசத்தை நான் எந்த விமர்சனத்திலயும் வாசிக்கேல்ல. பெர்னாண்டா ரோரசின்ர நடிப்பைப் பற்றி எல்லாரும் எழுதினவை, எழுதத்தான் வேணும், சத்தம் போட்டு அழுற ஒரு இடம் இல்லாம முழுப் படத்தையும் தூக்கிக்கொண்டு போறா. வயசான யூனிஸா வாறது அவவின்ர சொந்தத் தாய் பெர்னாண்டா மொண்டெனேக்ரோ, ஞாபகம் எல்லாம் போன கிழவியா ரீவிக்கு முன்னால இருக்கேக்க புருஷன்ர படம் வருது, கண் மட்டும் மாறும். அதுக்கு நான் வாசிக்க ஒரு வரியும் இல்லை. அதெல்லாம் சரி. ஆனா அந்தக் கடதாசிக்குப் பின்னால இருக்கிற கேள்வியைக் கேக்க, கடதாசி வாங்க மறுத்த ஒரு ஆள் கொட்டிலுக்குள்ள இருக்கோணும் போல.

சின்னப் பிள்ளையளுக்குத் தாய் உண்மையைச் சொல்லாம மறைச்சது சரியோ எண்டும் ஒரு கதை போச்சு, ஆனா நேரம் பத்தைத் தாண்டிட்டுது, ஒரு பிள்ளை "எங்களுக்கும் அப்பா வெளிநாட்டில எண்டுதான் சொன்னவை, நான் பதினாலு வயசில பள்ளிக்கூடத்திலதான் அறிஞ்சனான்" எண்டு சொன்னாப் பிறகு அதை நீட்ட ஒருத்தருக்கும் மனம் வரேல்ல. சைக்கிள் லைற் இல்லாதவையை மோட்டச்சைக்கிள்காரர் முன்னால வெளிச்சம் காட்டிக் கூட்டிக்கொண்டு போச்சினம். அம்மாவை நான்தான் ஏத்திக்கொண்டு போனனான். வழியில ஒண்டும் கதைக்கேல்ல. படலையில இறங்கேக்க, "நீ ஏன் பிள்ளை அந்த இடத்தில வாசிக்கேல்ல" எண்டு கேட்டா. உங்களை நினைச்சிட்டன் எண்டு சொன்னன். "என்னை நினைச்சா வாசிச்சிருக்கோணும்" எண்டுட்டுப் போயிட்டா.

அதால இப்ப படத்தை முதல்லயே ரெண்டு தரம் பாத்து, எல்லா வரியையும் கொப்பியில தமிழில எழுதி வைக்கிறன். வாற மாசம் 'பாஸ்ட் லைவ்ஸ்', கொரியாவில சின்ன வயசில ஒண்டாப் படிச்ச ரெண்டு பேர், பெட்டை குடும்பத்தோட கனடாவுக்குப் போயிடுவாள், 24 வருசம் கழிச்சு அவன் அவளைப் பாக்க நியூயோர்க்குக்கு வருவான். செலின் சோங் எடுத்தது, அவவும் சின்னனில கனடாவுக்குப் போனவதான். 'இன்யுன்' எண்டு ஒரு கொரியச் சொல்லு அதில திரும்பத் திரும்ப வரும், ஊழ் எண்டு எழுதினன், வெட்டினன், போன பிறப்பில விட்ட குறை தொட்ட குறை எண்டு எழுதினன், அது நீளம், வாசிச்சு முடிக்க முதல் அடுத்த வரி வந்திடும். ரெண்டு நாளா இதிலதான் நிக்கிறன். நேற்று அம்மா வேலியால எட்டிப் பாத்து, கனடாவுக்குப் போன பெட்டை திரும்பி வருவாளோ எண்டு கேட்டவா. சொல்லேல்ல. சனிக்கிழமை நேரத்துக்கு வாங்கோ, முன்னுக்குப் பாய் போட்டு வைக்கிறன் எண்டு சொன்னனான்.